இருபத்துநாலு பிரதி

மேற்கு மாம்பலம்,
ஐப்பசி 3

அன்புள்ள கணக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. பிஸியோதெரபி பையனைத் திட்டாதே. வலிக்க வலிக்க மடக்கத்தான் அவனுக்குக் காசு.

"சும்மா உட்கார மாட்டாயே, என்னதான் பண்ணுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். எங்கள் பேட்டைப் பத்திரிகை ஒன்றுக்குப் புரூஃப் பார்க்கிறேன். சிரிக்காதே. ஏ3 தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் மடித்தால் நாலு பக்கம். மாதம் ஒரு தடவை, 1,200 பிரதி, எல்லாம் ஓசி. மூன்று விளம்பரம் வருகிறது. துண்டு விழுவதை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஐந்து பேர் என்றால், ரிட்டையரான டீச்சரம்மா ஒருத்தர், மருந்துக்கடைக்காரர், ஒரு அபார்ட்மென்ட் செக்ரட்டரி, பி.காம். கடைசி வருஷம் படிக்கும் பெண் ஒருத்தி, அப்புறம் நான். கவுன்சிலர் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம் வாங்குவதில்லை என்பது ஒன்றுதான் எங்கள் கொள்கை. போன பணத்தை நினைத்து மருந்துக்கடைக்காரருக்கு இன்னும் ஆறவில்லை.

சென்னைக்கு இது புதிதில்லை. எழுத்தாளர் எஸ். முத்தையா 1991-ல் மெட்ராஸ் மியூசிங்ஸ் பத்திரிகையைத் தொடங்கினார், 1994-ல் மயிலாப்பூர் டைம்ஸ் என்ற பேட்டைப் பத்திரிகை வந்தது. நீ இங்கே இருந்த நாளில் வாசலில் வந்து விழும் ஓசிப் பேப்பரில் வாடகை வீடு தேடினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வழிதான். ஆனால் அவற்றுக்கு ஆபீஸ் உண்டு. எங்களுக்கு டீச்சரம்மா வீட்டு டைனிங் டேபிள், ஞாயிற்றுக்கிழமை காலை.

நாலு பக்கம்தானே என்று சட்டம் விட்டுவிடாது. பொதுச்செய்தி போட்டு மாதாமாதம் அச்சடித்தால் பதிவு செய்தாக வேண்டும். 1867-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ல் புதிது கொண்டுவந்தார்கள், 2024 மார்ச்சிலிருந்து அது நடப்பில் இருக்கிறது, விண்ணப்பமெல்லாம் ஆன்லைன்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் வெளியிடுபவர் என்று மருந்துக்கடைக்காரர் பெயர் இருக்கும். "கேஸ் வந்தா என் கடைக்குத்தான் வருவான்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவிடுவார்.

என் வேலை சின்னதுதான், ஆனால் வழுக்கும் வேலை. அச்சகத்தில் பக்கம் கட்ட இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான். 2001-க்கு அப்புறம் அதில் புதுப் பதிப்பே வரவில்லை, போனில் நாம் அடிக்கிற யூனிகோட் எழுத்து என்றால் அதற்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும், 'ஸ்ரீ' வெறும் கட்டமாகிவிடும். மாம்பலத்தில் ஸ்ரீ இல்லாமல் ஒரு பக்கம் ஓட்ட முடியுமா, சொல்? அதைப் பிடிப்பதிலேயே கண்ணாக இருந்து, ஆனி இதழில் பிளம்பர் விளம்பரத்தின் போன் நம்பரில் ஒரு இலக்கத்தைக் கோட்டைவிட்டேன். எங்கேயோ விருகம்பாக்கத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு நாலு நாள் ஓயாமல் போன். "குழாய் ஒழுகறதுன்னு அழறாளே, நான் என்னப்பா பண்ணட்டும்?" என்று கேட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்து அனுப்பினார்.

ஆனால் இதையெல்லாம் சொல்லவா பேனா எடுத்தேன்? போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மழைநீர் வடிகாலில் வெயில் நாளிலும் தண்ணீர் ஓடினால் யாரோ கழிவுநீரைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தினுடையது. இது தெரியாமல் பாதிப் பேர் இங்கே சொல்ல வேண்டிய புகாரை அங்கே சொல்கிறார்கள். அதை ஒரு பெட்டிச் செய்தியாக எழுது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அவளோ மூன்று நாள் காலை ஆறு மணிக்கே போய் வடிகால் மூடி பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஆறரைக்கு மேல் சோப்பு நுரை வருகிறது. குழாய் எந்தச் சுவரிலிருந்து இறங்குகிறது என்று போட்டோவும் எடுத்துவிட்டாள். அது எங்கள் செக்ரட்டரியின் அபார்ட்மென்ட்.

கூட்டத்தில் அவர் எதிரிலேயே வாசித்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று தெருவுக்கு இதழ் கொண்டுபோய்ப் போடுகிற மனுஷர். மறுநாள் காலை பால் பூத்தில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பெரிய பத்திரிகைக்காரனுக்கு இந்த அவஸ்தை கிடையாது. நான்தான் மெதுவாக, "கட்டடத்தின் பெயரை விட்டுவிட்டுத் தெருவை மட்டும் போடலாமே" என்றேன்.

"அப்போ தெருவில இருக்கிற எல்லார் மேலயும் சந்தேகம் வருமே, தாத்தா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. செக்ரட்டரி காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "பேரோடயே போடும்மா. லைன் அடைச்சு ஒரு வருஷம் ஆச்சு. வேற வழியில்லாம அப்படித் திருப்பிவிட்டோம். தோண்டிச் சரி பண்ணக் காசு கேட்டா இருபத்துநாலு வீட்டுல பதினோரு வீடு இன்னும் தரலை. அதையும் சேர்த்துப் போடு" என்றார். அவர் சொன்னதும் அதே செய்தியில் வர வேண்டும், அடுத்த மாதத்துக்குத் தள்ளக்கூடாது என்று நானும் பிடிவாதம் பிடித்தேன். அப்படியே வந்தது.

இதழ் வந்த அன்று அவரே கட்டை வாங்கிக்கொண்டு போய் மூன்று தெருவும் போட்டார். மறுநாள் என் வாசலில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்று கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், இருபத்துநாலு. அவர் கட்டடத்துக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். காசு கொடுத்த பதின்மூன்று வீட்டுக்காரர்களுக்கும் கோபம், ஏனென்றால் அந்தப் பதினொன்று எது எது என்று தெருவே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறது. தெருவைக் காப்பாற்றி அபார்ட்மென்டைச் சந்தேகத்தில் மாட்டிவிட்டோம். பதினொன்று என்ற அந்த எண்ணை நான் வெட்டியிருக்க வேண்டும். புரூஃபில் மூன்று தடவை படித்தேன், பிழை எதுவும் கண்ணில் படவில்லை.

செக்ரட்டரி இரண்டு ஞாயிறாக வரவில்லை. நேற்று அந்த கேட் பக்கம் இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு தரையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். முதலில் அவர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மழை வலுப்பதற்குள் ஒரு தடவை கோயம்புத்தூர் வந்து உன் காலைப் பார்த்துவிட்டுப் போகிறேன். அந்த இருபத்துநாலில் ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, எனக்கே தெரியும். வேறு ஏதாவது கண்டுபிடித்தால் எழுது.

உன்,
பஞ்சாங்கம்