தாத்தா கேமராவை விற்பது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ "விற்கவே கூடாதுப்பா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். நானும் மழை, மாடி ஒழுகல் என்று வேறு பக்கம் போய்விடுகிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தாத்தாவின் கேமராவை விற்பது என்று முடிவாகிவிட்டது. நெட்டில் விளம்பரம் போடுகிற வேலை உன்னுடையது. அதில் என்ன எழுத வேண்டும், யாரிடம் கொடுக்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் யோசனை எனக்குத் தெரியும். பெங்களூரு வீட்டு ஹாலில் ஸ்டாண்டோடு நிறுத்தி, உள்ளே ஒரு பல்பு போட்டு அழகு பார்க்கலாம் என்றாய். வேண்டாம்மா. அந்த மூன்று கால் விரித்து நின்றால் உன் ஹாலில் சோபா போட இடமிருக்காது. பல்பு சூட்டில் துருத்தித் தோல், அதாவது லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக விரிகிற அந்தத் தோல், ஒரே கோடையில் வெடித்துவிடும். அதைவிட, படம் எடுக்கச் செய்த சாமானை விளக்காக்குவதற்கு எனக்கு மனசில்லை. இன்றைக்கும் அதில் படம் எடுக்கலாம். எடுக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள் பெரிய ஃபிலிமில் எடுப்பதற்காகவே இந்த மாதிரிக் கேமராவைத் தேடி அலைகிறார்கள். அப்படி ஒருவர் கைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

விளம்பரத்தில் முதலில் அது என்ன கேமரா என்று சரியாக எழுது. எல்லாரும் போடுகிற மாதிரி "பழங்கால ஆங்கிலேயர் கேமரா" என்று போட்டுவிடாதே. இது வாகீஸ்வரி, ஆலப்புழையில் செய்தது. கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. அங்கே இசைக்கருவி பழுதுபார்க்கிற கடை ஒன்று இருந்தது. ஒரு ஸ்டுடியோக்காரர் துருத்தி கிழிந்த தன் கேமராவை அங்கே கொண்டுபோனார். ஹார்மோனியத் துருத்தி தைக்கத் தெரிந்த கைக்குக் கேமராத் துருத்தி பெரிய காரியமா? கடைக்காரரின் மகன் கருணாகரன் அதைச் சரிசெய்தார். பிறகு முழுக் கேமராவையே செய்து பார்த்தார். இது 1940களில், போர் நடந்த காலத்தில். அப்புறம் 1980கள் வரை வாகீஸ்வரி இந்தியா முழுக்கப் போனது. தேக்கு மரம், பித்தளைச் சாமான், தோல் துருத்தி. நம்முடையதை ஐம்பதுகளின் கடைசியில் தாத்தாவே ஆலப்புழைக்குப் போய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு கும்பகோணம் வந்தார் என்று பாட்டி சொல்வார்.

வயதைக் கூட்டிப் போடாதே. விலை ஏறும் என்று "நூறு வருடம்" என்று எழுதுகிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதான பொருள் தொல்பொருள் கணக்கில் வரலாம். அப்புறம் வெளிநாட்டுக்காரர் கேட்டால் தனியாள் அனுப்ப முடியாது. பொய்யும் சொல்லி, வில்லங்கத்தையும் விலைக்கு வாங்குவானேன்.

அளவு ஹாஃப் பிளேட், அதாவது 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம். இதைக் கொட்டை எழுத்தில் போடு. இப்போது கடையில் சுலபமாகக் கிடைக்கிற ஷீட் ஃபிலிம் 4க்கு 5 தான். வாங்குகிறவர் அது தெரியாமல் வாங்கினால் ஒரு வாரத்தில் உனக்குப் போன் வரும். இல்ஃபோர்டு கம்பெனி வருடத்துக்கு ஒரு தடவை இந்த மாதிரி வழக்கொழிந்த அளவுகளுக்கும் ஆர்டர் எடுத்து ஃபிலிம் வெட்டித் தருகிறது. ஆனால் விலை கையைக் கடிக்கும். கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு நான் சொல்வது எக்ஸ்ரே ஃபிலிம். 8க்கு 10 எக்ஸ்ரே ஷீட் ஒன்றில் ஹாஃப் பிளேட் இரண்டு சரியாக வெட்டலாம். பச்சை ஒளிக்கான ஃபிலிம் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணால் பார்த்தே வெட்டலாம், கழுவலாம். இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும் என்பதால் நகம் பட்டாலே கீறல் விழும். ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதால் இதுவும் எத்தனை நாளைக்குக் கிடைக்குமோ.

நம் டார்க் ஸ்லைடுகள், அதாவது வெளிச்சம் படாமல் கேமராவின் பின்னால் செருகுகிற சட்டங்கள், கண்ணாடி பிளேட்டுக்காகச் செய்தவை. ஃபிலிம் போட வேண்டுமென்றால் தகர உறை உள்ளே வேண்டும். தாத்தா வாங்கிவைத்த உறைகள் சிகரெட் டப்பாவில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே கொடுக்கிறோம் என்று எழுது. அது இல்லாமல் கேமராவை வாங்குகிறவர் உறைக்காக ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும்.

லென்ஸ் தனிக் கதை. கார்ல் ஸைஸ் யேனா டெஸ்ஸார், 21 செ.மீ., எஃப் 4.5. பால் ருடால்ஃப் 1902இல் வடிவமைத்த நாலு கண்ணாடி லென்ஸ். முன்னால் இரண்டு தனித்தனியாக, பின்னால் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டி. பழசை வாங்குகிறவர்கள் அந்த ஒட்டுப்போட்ட ஜோடியைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஓரத்தில் வானவில் நிறம் ஓடினால் பிசின் விட்டுப்போகிறது என்று அர்த்தம். நம்முடையதில் கீழ்ப்பக்க ஓரத்தில் நகக்கண் அளவுக்கு அந்த நிறம் இருக்கிறது. படத்தில் தெரியாது. ஆனாலும் எழுது, படமும் போடு. ஜன்னலுக்கு எதிரே லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் போனிலேயே விழும். பூஞ்சை இல்லை. காவிரிக்கரை ஈரத்தில் இத்தனை வருடம் பூஞ்சை பிடிக்காமல் இருந்ததற்கு, அம்மா அரிசி டப்பா பக்கத்தில் அதை வைத்ததுதான் காரணம் என்று அவள் சொல்கிறாள். சரி, இருக்கட்டும்.

ஷட்டர் இல்லை. ரப்பர் பந்தை அமுக்கினால் காற்றில் திறந்து மூடுகிற ஷட்டர் ஒன்று இருந்தது. நீகூடச் சின்ன வயதில் அந்தப் பந்தை அமுக்கி அமுக்கி விளையாடுவாய். ரப்பர் கல்லாகிவிட்டது. லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டித்தான் எடுக்க வேண்டும். இன்றைய வேகமான ஃபிலிமுக்கு வெயிலில் அது சரிவராது. மூடியைக் கழற்றுவதற்குள் படம் வெளுத்துவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது, விளம்பரத்தில் எழுதினால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். ஃபிலிமுக்குப் பதில் புரோமைடு பேப்பரை, அதாவது படம் பிரிண்ட் போடுகிற பேப்பரை, வெட்டி ஸ்லைடில் போட வேண்டும். பேப்பருக்கு வேகம் ரொம்பக் குறைவு. லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி வைத்தால் வெயிலிலும் ஒரு விநாடி, இரண்டு விநாடி தாங்கும். வாயால் எண்ணிக்கொண்டே மூடியைக் கழற்றி மாட்டலாம். பேப்பரிலேயே நெகட்டிவ் வந்துவிடும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் "இந்து" மார்க் பேப்பர் ஒரு பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. அந்தக் கம்பெனியே மூடிப்போயிற்று, பேப்பர் கறுத்திருக்கலாம். அதற்குக் காசு வேண்டாம், கேமராவோடு கொடுத்துவிடு.

துருத்தியை நானும் அம்மாவும் டார்க் ரூமில் சோதித்துவிட்டோம். உள்ளே டார்ச்சைப் போட்டு முழுதாக இழுத்து, கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். மடிப்பு மூலைகளில்தான் தோல் முதலில் தேயும். வலதுபக்கம் முன்னால் இரண்டு இடத்தில் ஊசிமுனை வெளிச்சம் வந்தது. அம்மா சாக்பீஸால் குறி வைத்தாள். உள்பக்கமாக மெல்லிய கறுப்புத் துணி ஒட்டிவிட்டேன், இப்போது வெளிச்சம் இல்லை. ஒட்டின இடத்தையும் படம் எடுத்துப் போடு. தேக்குச் சட்டத்தில் பூச்சி இல்லை. பித்தளையைப் பளபளப்பாகத் தேய்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். கையே வைக்காதே. புளி போட்டுத் தேய்த்த பித்தளையைக் கண்டால் விவரம் தெரிந்தவன் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். வார்னிஷும் வேண்டாம். தூசி தட்டினால் போதும்.

பின்பக்கத் தேய்த்த கண்ணாடியில் பென்சில் கோடுகள் இருக்கும். அழுக்கென்று துடைத்துவிடாதே. தாத்தா போட்டது. கல்யாண ஜோடி நின்றால் தலை எங்கே வர வேண்டும், பாதம் எங்கே முடிய வேண்டும், குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்தால் எங்கே என்று அவருக்கு ஒரு கணக்கு. கறுப்புத் துணிக்குள் தலைகீழாகத் தெரிகிற உருவத்தை அந்தக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் வெளியே வருவார். துணிக்குள் போனால் அவர் குரலே மாறிவிடும். "மாப்பிள்ளை, மூச்சை விடாதீங்க" என்பதை ஒரு அதட்டலாகச் சொல்வார். சாவு வீட்டுக்கும் இதே கேமராதான் போகும். நாற்காலியில் சார்த்தி உட்கார வைத்த உடம்பை எடுக்கிறபோது மட்டும் அந்த அதட்டல் கிடையாது. சாவு வீட்டு விஷயத்தை விளம்பரத்தில் எழுத வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

இங்கே பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். எட்டாயிரம் தருகிறேன் என்றார். பேசப் பேசத்தான் தெரிந்தது, லென்ஸைத் தனியே கழற்றி ஒரு இடத்துக்கும், மரப்பெட்டியை ரிசார்ட்டில் அலங்காரத்துக்கு வைக்க இன்னொரு இடத்துக்கும் தள்ளிவிடுவது அவர் திட்டம். அப்படிப் பிரித்தால் இரண்டுக்கும் சேர்த்து நமக்கே கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் பிரிக்கக்கூடாது. லென்ஸ், அதை மாட்டுகிற பலகை, ஸ்லைடுகள், ஸ்டாண்ட், கறுப்புத் துணி எல்லாம் ஒரே உருப்படி. நாற்பதாயிரம் என்று போடு. நேரில் வந்து, துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, நாலு கேள்வி கேட்கிற பிள்ளையாக இருந்தால் முப்பது வரை இறங்கு. ஒரு கேள்வியும் கேட்காமல் முழு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்பவர் வந்தால் எனக்குப் போன் பண்ணு.

இன்னொன்று. "ராணுவத்தில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முறித்துவிடு. பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். எனக்குத் தெரிந்ததே உனக்குத் தெரியாதா என்பாய். படித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

நெகட்டிவ் விற்பனைக்கு இல்லை. இதைக் கேட்டு ஆள் வரும், அதனால் முன்பே சொல்கிறேன். முன்பு அதிலிருக்கிற வெள்ளிக்காக எடைக்கு எடுத்துப்போனார்கள். கண்ணாடி பிளேட்டுகளைச் சுரண்டிக் கழுவி, படச்சட்டத்துக்குக் கண்ணாடியாகப் போட்ட ஸ்டுடியோக்களும் உண்டு. இப்போது "பழைய தமிழ் முகங்கள்" என்று பிரேம் போட்டு விற்கவே சிலர் வாங்குகிறார்கள். அந்த முகங்கள் நம்முடையவை இல்லையே. காசு கொடுத்து எடுத்துக்கொண்டவர்களுடையவை, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதே தெருவில் நடக்கிறார்கள். புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாத்தது. நம் பெட்டிகளைப் பற்றி அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். கடிதத்தை இங்கிலீஷில் நீதான் எழுதித் தர வேண்டும்.

வெளியூர்க்காரர் வாங்கினால் கூரியரில் அனுப்புவது கடைசி வழி. கண்ணாடி உடைந்தால் பொறுப்பில்லை என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வேறு வழியில்லை என்றால் லென்ஸைப் பலகையோடு கழற்றித் தனிப் பெட்டியில் போட வேண்டும், தேய்த்த கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, துருத்தியை மடித்துக் கேமராவைப் பூட்டிய பிறகு போர்வை. நானே கட்டிக்கொடுப்பேன். சென்னை வரை என்றால் ரயிலில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வருவேன். அம்மா முறைக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை வருகிறாய் அல்லவா, காலை வெயில் முற்றத்தில் விழுகிறபோது படங்கள் எடுத்துவிடலாம். விளம்பரத்தைப் போடும் முன் எனக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் அனுப்பு. "அரிய பொக்கிஷம்" என்று எங்கேயாவது இருந்தால் அடித்துவிடுவேன். வரும்போது அம்மாவுக்கு அந்த முழங்கால் உறை, போன தடவை வாங்கியதைவிட ஒரு அளவு பெரிதாக. பழையது இறுக்குகிறதாம்.

இப்படிக்கு,
அப்பா