கொறங்காட்டில் பங்கிருக்கும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி அடைத்துப் புல்லும் மரமும் விட்டு ஆடுமாடு மேய்க்கிற மேய்ச்சல் காட்டில், பங்கு வைத்துக்கொண்டு, குடியிருப்பு மட்டும் திருப்பூர், கோயமுத்தூர், சென்னை என்று ஆகிப்போன பங்காளிகளுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள், அது உங்கள் உரிமை. அளந்து கல் நட்ட மறுநாளே பொக்லைனைக் கூப்பிட்டு வேலியைப் பிடுங்குகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்தப் பக்கத்து மாட்டுக்குப் பேர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பரம்பரை பார்த்து, பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த மந்தையிலிருந்துதான் காங்கேயம் மாடு இன்றைக்கு நாம் பார்க்கிற கட்டுக்கு வந்தது. அதைத் தாங்கியது அவருடைய கொறங்காடு. நம் வீடுகளில் இருந்தது அதே ஏற்பாட்டின் சின்ன அளவு. எங்கள் அப்பாரு காலத்தில் காட்டை நாலைந்து துண்டாகக் கிளுவை முள்மரத்து உயிர்வேலி போட்டுப் பிரித்து (அப்படி அடைத்த துண்டையும் வேலி என்றே சொல்வோம்), ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு படல் வைத்து, எருமையும் மாடும் ஆடும் மாற்றி மாற்றி விட்டார்கள். மேய்த்தவர்கள் பெரும்பாலும் பண்ணையத்து ஆளாக இருந்த அருந்ததியர் வீட்டுச் சனங்கள். எந்த வேலியில் எப்போது புல் தேறும் என்று நம் பெரியவர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குடும்பப் பெருமை பேசும்போது அவர்கள் பேரை விட்டுவிடுவதே நமக்கு வழக்கமாகிவிட்டது.

கொறங்காட்டை 'சும்மா கிடக்கிற காடு' என்று சொல்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒருநாள் போய் உள்ளே நின்று பாருங்கள். மழை விழுந்ததும் கொழுக்கட்டைப் புல் தூர்விட்டுக் கிளம்பும். இடையிடையே நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் படரும். பயறுக் கொடி மண்ணுக்குத் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும், ஆட்டுப் புழுக்கையும் சாணியும் அங்கேயே விழும். மூட்டை உரம் எதற்கு? கதிர் முற்றி விதை உதிரும் வரைக்கும் அந்த வேலியை அடைத்து வைப்பார்கள். அதற்குள் மாட்டை விட்டால் அடுத்த வருசத்துப் புல்லை இந்த வருசமே தின்றுவிட்ட கணக்கு. முதலில் மாடு நுனியை மேயும், பின்னாலேயே ஆடு அடியை மேயும், பிறகு படலைச் சாத்திவிட்டு அடுத்த வேலிக்கு நகர வேண்டியதுதான். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேல மரம் நெற்று உதிர்க்கும். அது ஆட்டுக்குத் தீனி, மரத்தடி மாட்டுக்கு நிழல். புல் மங்கினால் சில வருசத்துக்கு ஒருதரம் உழுது சோளம் விதைத்து எடுத்துவிட்டு, மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவார்கள்.

இத்தனையும் நடக்க ஒரு வேலி போதாது. ஒன்று மேய, மற்றவை ஆற வேண்டும். பன்னிரண்டு ஏக்கரை நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மூன்று ஏக்கர் மிஞ்சும், சுழற்சி போய்விடும். கிணறு ஒருவர் பங்கில், தண்ணீர்த் தொட்டி இன்னொருவர் பங்கில், மரமெல்லாம் மூன்றாமவர் பங்கில். ஒருவரும் மாடு கட்டமாட்டார்கள். மேய்ச்சல் ஓய்ந்த காட்டில் சீமைக்கருவேலம் ஏறிவிடும். அப்புறம் 'இதில் என்ன வருமானம்' என்று கேட்டுக்கொண்டு புரோக்கர் வந்து நிற்பார்.

பெண்களுக்குப் பங்கு வந்ததால்தான் காடு துண்டானது என்று சில மாமன்மார் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்கும் சம பங்கு தந்தது. நானும் அப்படிப் பங்கு வாங்கியவள்தான். எங்கள் வீட்டில் பத்திரம் தனித்தனி, பட்டா தனித்தனி. வேலி மட்டும் பழைய வேலி. மேய்ச்சலுக்கு ஒரே ஆளிடம் மொத்தமாகக் குத்தகைக்கு விட்டு, பணத்தை ஏக்கர் கணக்கில் பிரித்துக்கொள்கிறோம். வேலி அடைக்கிற செலவும் அதே கணக்குதான். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வருசத்தில்கூட இது நிற்கவில்லை, ஏனென்றால் எழுதி வைத்திருந்தோம்.

தென்னை போடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு 2016ஐ ஞாபகப்படுத்துகிறேன். வடகிழக்குப் பருவமழை அப்படியே கைவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு போட்டு வளர்த்த தென்னைகள் மண்டை காய்ந்து சாய்ந்தன. புல்லும் காய்ந்ததுதான், ஆனால் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து தழைத்தது. காய்ந்த தென்னைக்கு அந்த வித்தை தெரியாது.

சோலார் கம்பெனிக்கு விடலாமே என்றால், அது எளிதாகத் தள்ளிவிடக் கூடிய யோசனை இல்லை. மாசம் பிறந்தால் பணம் வரும், மேய்ச்சல் குத்தகை அதற்குப் பக்கத்தில்கூட வராது. கடன் இருக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்படி விடுவதானாலும் ஓரத்து வேலியை அப்படியே விட்டுவையுங்கள், கிளுவையை அடியோடு பிடுங்கிக் கம்பி கட்டாதீர்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கலாம். மழைக்காலத்தில் போத்து வெட்டி நட்டு, அது வேர்பிடித்து, ஆடு நுழையாத வேலியாக அடைய எத்தனை வருசம் ஆகும் என்று ஊரில் மிச்சமிருக்கிற வேலி அடைக்கிறவரைக் கேளுங்கள்.

2017 தை மாசம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுக்குப் போனவர்களும் உங்களில் இருப்பீர்கள். காளை படம் போட்ட பனியன் அநேகமாக நம் திருப்பூரில் தைத்ததாகத்தான் இருக்கும். அந்தக் காளைக்குப் புல் எங்கே முளைக்கிறது என்று அன்றைக்கு மேடையில் யாரும் பேசியதாக நான் கேட்கவில்லை. நாட்டு மாட்டுப் பாலை லிட்டருக்கு என்ன விலை என்றாலும் வாங்கத் தயார் என்கிறவர்களுக்கும் ஒன்று: காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம், பால் அளவாகத்தான் கறக்கும். செவப்பாய்ப் பிறக்கிற கன்று ஆறு மாசத்தில் மயிலையாய், அதாவது சாம்பல் நிறமாய், மாறுகிற வரைக்கும் தாயோடு ஓடி மேய இடம் வேண்டும். டவுனுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகை அதற்குப் பத்தாது.

சித்திரையில் கண்ணபுரம் தேருக்கும் மாட்டுத்தாவணிக்கும் எப்படியும் ஊர்ப்பக்கம் வருவீர்கள். வருகிறபோது உங்கள் காட்டின் புலப்படத்தையும் பத்திர நகலையும் கையோடு எடுத்து வாருங்கள். மேய்ச்சலுக்குக் காடு தேடுகிறவர்கள் அங்கேயே இருப்பார்கள். எங்கள் குத்தகை எழுத்தின் நகலை நான் கொண்டுவருகிறேன், பேர்களை மாற்றி அப்படியே எழுதிக்கொள்ளலாம். பொக்லைனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள் அதுவரைக்கும் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுக்காரி ஒருத்தி