பொருள்: ஹாலோவீன் கைவேலைப் பெட்டி 24 – முழுப் பணமும் திரும்ப வேண்டும்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
10 நவம்பர் 2025

பெறுநர்: நிறுவன உரிமையாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அனுப்பும் அதே நன்றிக் கடிதம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டிகளை இறக்க வந்த உங்கள் டிரைவர் தம்பி, "முதலாளி தமிழ்நாட்டுக்காரர், தமிழில் எழுதிப் போட்டால் அவரே எடுத்துப் படிப்பார்" என்று சொன்னார். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கம்பெனியில் என்னிடம் மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

சனிக்கிழமைகளில் என் வீட்டு கராஜில் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு நடத்துகிறேன். ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை. அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை மாலை அவர்களுக்கு ஹாலோவீன் பார்ட்டி, அதாவது பேய், வௌவால், பூசணி விளக்கு என்று விளையாடும் பார்ட்டி, வைத்திருந்தேன். அதற்காக உங்கள் பெரிய பெட்டியில் 24 வாங்கினேன். ஒன்று 189 ராண்ட், டெலிவரி 150, ஆக 4,686 ராண்ட். முழுப் பணமும் செப்டம்பரிலேயே கட்டியாயிற்று. அக்டோபர் 24க்குள் கையில் கிடைக்கும் என்று உங்கள் ரசீதில்தான் அச்சடித்திருக்கிறது. நானாகச் சொல்லவில்லை.

24ஆம் தேதி வரவில்லை. போன் செய்தால் தீபாவளிக் கூட்டம், தாமதமாகும் என்றார்கள். தீபாவளி 20ஆம் தேதியே முடிந்துவிட்டதே என்றால், லைனில் இருங்கள் என்று பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண், பெட்டிகள் பைன்டவுன் கிடங்கில் தயாராக இருக்கின்றன, நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். டெலிவரிக்குப் பணம் கட்டிய நான் ஏன் வர வேண்டும் என்று கேட்டிருக்கலாம். பிள்ளைகளுக்காகத்தானே என்று கிளம்பினேன்.

அந்தப் பயணத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மழை. ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. மூன்று மணிக்கு முன்பே வந்து கவுன்டரில் நின்றேன். உள்ளே ஒரு பையன், காதில் இயர்போன், கையில் போன். ஆர்டர் நம்பரைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தான், கீழே வைத்தான், மறுபடி போனைப் பார்த்தான். எனக்குப் பின்னால் வந்த ஆளுக்கு ஏதோ எடுத்துக் கொடுத்து அனுப்பினான். திரும்பவும் கேட்டதற்கு, "இங்கே இல்லை ஆன்ட்டி" என்றான். இருக்கிறது என்று உங்கள் ஆள்தானே போனில் சொன்னார் என்றேன். அதற்கு அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பேப்பரும் பசையும்தானே ஆன்ட்டி, அதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? பக்கத்து மலிவுக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினான். என் மூக்குக்கு நேராக. மேனேஜர் பெயர் கேட்டேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

பேப்பரும் பசையும்தானாம். கைவேலைப் பொருள் விற்றுப் பிழைக்கிற கம்பெனியின் ஆள் பேசுகிற பேச்சா ஐயா இது?

சரி. பெட்டிகள் 30ஆம் தேதி இருட்டிய பிறகு வந்தன. மறுநாள் பார்ட்டி. உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. உங்கள் பெட்டி, உங்கள் பட்டியல். பெட்டிக்குள் இருந்த பைகளில் ஏ பை பரவாயில்லை, பொம்மைக் கண்களும் கம்பளிக் கம்பியும் சரியாக இருந்தன. பி பையில் கறுப்பு அட்டைக்குப் பதில் டிஷ்யூ காகிதம். வௌவால் வெட்டி நூலில் தொங்கவிட்டால் இறக்கை இரண்டும் மடிந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ஈரக் கை பட்டால் சாயம் வேறு ஒட்டுகிறது. பசை டியூப்களில் பாதி உறைந்துபோயிருந்தன, அமுக்கினால் தண்ணீர்தான் வருகிறது.

ஃபோம் பூசணிக்கு வருகிறேன். உங்கள் பெட்டியை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். ஹாலோவீனுக்கு அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அங்கிருந்து அமெரிக்கா போனவர்கள் பூசணிக்கு மாறினார்கள். அவர்களுக்கு அக்டோபர் இலையுதிர்காலம், அறுவடை முடிந்து பூசணி குவிந்து கிடக்கும். நமக்கு இங்கே ஐப்பசி வசந்தகாலம். கடையில் கிடைப்பது போன அறுவடையில் சேர்த்துவைத்த சாம்பல் வெள்ளை போயர் பூசணி. அதன் தோலில் என் கத்தியே இறங்காது, ஆறு வயதுப் பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது? ஆரஞ்சுப் பூசணி கண்ணில் படுவதே அபூர்வம். அதனால்தான் குழந்தைகள் மொட்டை ரம்பத்தால் அறுக்கக்கூடிய ஃபோம் பூசணி. படத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். வந்தது என்ன? பூசணி படம் அச்சடித்த ஒரு தாள். ஒரே ஒரு தாள். "படம் மாதிரிக்கு மட்டும்" என்று போனில் விளக்கம் வேறு.

முகப் பூச்சு டப்பாவில் எதில் செய்தது என்று ஒரு வரி இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. எந்தப் பூச்சானாலும் பிள்ளைகள் முகத்தில் வைப்பதற்கு முன் என் முன்கையில் கொஞ்சம் தடவிப் பார்ப்பது என் வழக்கம். அன்று ராத்திரி பச்சையைத் தடவினேன். விடிகாலையில் அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அத்தனையையும் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சி பையில் இருந்த மெழுகுவர்த்தி விளக்கைப் பொறுக்க முடியாது. அந்தச் சின்ன பேட்டரி விளக்கின் அடிமூடியில் திருகாணியே இல்லை. நகத்தால் தள்ளினேன், மூடி தனியாக வந்துவிட்டது, காசு மாதிரி வட்டமான சிஆர் 2032 பேட்டரி மேசையில் விழுந்து உருண்டு தரைக்குப் போனது. 20 மில்லிமீட்டர் அகலம், பார்க்கப் பளபளவென்று இருக்கும். பிள்ளை விழுங்கினால் உணவுக் குழாயில் மாட்டிக்கொள்ளும். இரண்டே மணி நேரத்தில் உள்ளே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். பிள்ளைகளுக்குப் பொருள் விற்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? பார்ட்டிக்கு வரும் பிள்ளைகளோடு இரண்டு வயது, மூன்று வயதுத் தம்பி தங்கைகளும் வருவார்கள், கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயசு. இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். எடுத்தவர், "பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், சீசன் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்று மனப்பாடம் ஒப்பித்தார். பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பதாம்? அந்த ஷட்டர் பையன் நினைவுக்கு வந்துவிட்டான். இவரும் அவனும் ஒரே இடத்தில் பயிற்சி எடுத்தவர்களோ என்னவோ.

பார்ட்டி நடந்தது. உங்களால் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் முட்டை அட்டை வாங்கிவந்தேன். மூன்று குழி சேர்ந்தாற்போல் வெட்டி, இரண்டு ஓரக் குழிகளின் அடியை வளைத்துக் கத்தரித்தால் இறக்கை, நடுக்குழி உடம்பு. கறுப்புப் பெயின்ட் அடித்து உங்கள் பொம்மைக் கண்களை ஒட்டினோம். (ஏ பையைக் குறை சொல்லவில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.) டாய்லெட் பேப்பர் உருளையில் வெள்ளை க்ரேப் காகிதம் சுற்றி எகிப்து மம்மி பொம்மை. ஃபோம் பூசணிக்குப் பதில் ஆளுக்கொரு பட்டர்நட் (சுரைக்காய் மாதிரி நீண்ட பூசணி), வெட்டாமல் மார்க்கரால் முகம் வரைந்தார்கள். இதற்கு என் கையிலிருந்து போனது 740 ராண்ட், பில் இணைத்திருக்கிறேன். விளக்கு மட்டும் ஏற்றவில்லை. ஆறு மணி தாண்டியும் வெளிச்சம் போகாத ஊரில், கராஜ் கதவை இறக்கி இருட்டாக்கி விளக்கு வைக்க வேண்டும் என்றுதான் மாதக்கணக்கில் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தேன். "எங்கே ஆன்ட்டி விளக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

புரட்டாசி விரதம் முடிந்து, தீபாவளியும் முடிந்த கையோடு வீட்டில் பேய் விளையாட்டா என்று இந்தத் தெருவில் கேட்கிற மாமிகள் இருக்கிறார்கள். இது காகிதம் வெட்டி ஒட்டுகிற வேலை, பிள்ளைகளின் பயத்தைச் சிரிப்பாக்குகிற வேலை என்று பெற்றோரிடம் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கினேன். இப்போது அந்த மாமிகள் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. காசை வாங்கிக்கொண்டு முட்டை அட்டை கொடுத்தாள் என்று பேச்சு. இத்தனை வருடமாக நான் கட்டிக்காத்த பெயர் ஒரே சாயங்காலத்தில் போய்விட்டது. வகுப்பே இனி நடக்குமா என்று தெரியவில்லை. இந்த நஷ்டத்தை எந்த ராண்டில் கணக்குப் போடுவீர்கள்?

உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை ஐயா. நம்மாள் ஒருவர் இங்கே வந்து தொழில் நடத்துகிறார் என்று சந்தோஷப்பட்டுத்தான் ஆர்டரே கொடுத்தேன். தயவுசெய்து நீங்களே ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து பாருங்கள். அந்த விளக்கின் மூடியை உங்கள் விரலால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அப்புறம் அதை விற்பதை நிறுத்துங்கள், வாங்கியவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று, தயவாகக் கேட்கிறேன் என்பதற்காகச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் தரமில்லை, பாதுகாப்பில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம், செலவும் விற்றவர் பொறுப்பு. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை முடிவு செய்கிற உரிமை வாங்கியவருக்கு. சீசன் பொருள் என்ற பேச்சு அதில் இல்லை. நான் பணத்தைக் கேட்கிறேன். நவம்பர் 21க்குள் 4,686 ராண்ட் என் கணக்கில் வர வேண்டும். அந்த 740 ராண்டையும் சேர்த்துத் தருவது உங்கள் நியாயம். வராவிட்டால் இந்தக் கடிதத்தின் ஆங்கில நகலும் விளக்கின் படங்களும் நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளருக்குப் போகும். அங்கேயும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்.

அந்தக் கவுன்டர் பையன் எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். கையால் எழுத வேண்டும். பேப்பர் வாங்கப் பக்கத்திலேயே மலிவுக் கடை இருக்கிறதாம், அவனே சொன்னான்.

பெட்டிகளைக் கராஜில் கட்டி வைத்திருக்கிறேன். விளக்குகளிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனி ஜாடியில் பூட்டியிருக்கிறேன். சனிக்கிழமை தவிர எந்த நாளும் பத்து மணிக்கு மேல் ஆள் அனுப்பலாம், முடிந்தால் அந்த டிரைவர் தம்பியையே அனுப்புங்கள். எண்ணி எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ரசீது கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
கைவேலை வகுப்பு ஆசிரியை

இணைப்பு: ரசீது நகல், 740 ராண்டுக்கான பில்கள், விளக்கு மற்றும் பி பையின் படங்கள்