கடன் நிவாரணம்: மறையுரையோடு நின்றால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 யூபிலி ஆண்டையொட்டி, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த வேண்டுகோள் பற்றிய கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். யூபிலி ஆண்டின் விடுதலையைப் பற்றிப் பேசும் விவிலியத்தின் லேவியர் 25ஆம் அதிகாரத்தை நன்றாக விளக்கிய கட்டுரை, கடன் எங்கே சிக்கிக் கிடக்கிறது என்பதைத் தொடவே இல்லை.

எல்லாக் கடனையும் ரத்து செய்யுங்கள் என்று திருச்சபையின் சமூகப் போதனை சொல்லவில்லை. 1991இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'சென்டேசிமுஸ் ஆனுஸ்' சுற்றுமடலின் 35ஆம் பத்தி, வாங்கிய கடனைக் கட்டுவதுதான் நியாயம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு நாட்டு மக்களையே பசியிலும் விரக்தியிலும் தள்ளி வசூலிப்பது முறையல்ல என்கிறது. அப்படியானால் உணவு, மருந்து, பள்ளி இவற்றுக்கு ஒதுக்கிய பிறகுதான் தவணை.

நடைமுறையில் இந்த வரிசை தலைகீழ். சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு வைத்த இலக்குகளைப் பாருங்கள். 2032க்குள் பொதுக்கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். 2027 முதல் 2032 வரை வெளிநாட்டு நாணயக் கடனுக்கான தவணை எந்த ஆண்டிலும் அந்த உற்பத்தியில் 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2025 முதல், வட்டிச் செலவை நீக்கிப் பார்த்தால், அரசின் வருவாய் செலவைவிட உற்பத்தியில் 2.3 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். குழந்தைகளின் ஊட்டச்சத்து இந்த மூன்றிலும் இல்லை. வருவாயைக் கூட்ட 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 15இலிருந்து 18 சதவீதமானது. நுவரெலியாவின் தேயிலைத் தோட்ட லயன் அறையில் இருப்பவருக்கும் கொழும்பு வணிகருக்கும் ஒரே விகிதம்தான்!

அடுத்த சிக்கல் நீதிமன்றத்தில். இலங்கை 2012இல் விற்ற 100 கோடி டாலர் கடன் பத்திரம் 2022 ஜூலையில் முதிர்ந்தது. தொகையைக் குறைப்பது போல அதன் விதிமுறையை மாற்ற, அந்த ஒரு பத்திரத்தின் மதிப்பில் 75 சதவீதத்தை வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். ஹாமில்டன் ரிசர்வ் என்ற தனியார் வங்கி 25 கோடி டாலருக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு, முழுத் தொகையும் கேட்டு நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. கால் பங்குக்கு மேல் ஒருவரிடம் இருந்தால் மற்ற அனைவரின் இசைவும் செல்லாமல் போகும். அவருக்கு முழுப் பணம் கிடைக்குமானால், விட்டுக்கொடுக்க அடுத்த முறை யார் முன்வருவார்?

இதற்குச் சட்டத்தில் வழியுண்டு. ருமேனியாவிடமிருந்து ஏறக்குறைய 33 லட்சம் டாலருக்கு வாங்கிய ஜாம்பியாவின் பழைய கடனுக்காக டோனிகல் என்ற முதலீட்டு நிறுவனம் 5.5 கோடி டாலர் கேட்டது. 2007இல் லண்டன் நீதிமன்றத் தீர்ப்பால் சுமார் 1.5 கோடி பெற்றது. அதன் பிறகு பிரிட்டன் 2010இல் ஒரு சட்டம் இயற்றி, கடன் கொடுத்த மற்றவர்கள் தள்ளுபடிக்குப் பின் ஏற்ற தொகைக்கு மேல் நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாதபடி செய்தது. ஆனால் அது 'மிகக் கடன்பட்ட ஏழை நாடுகள்' என்ற பட்டியலில் உள்ளவற்றின் பழைய கடனுக்கு மட்டும்தான். புதிய கடன்களுக்கும் இலங்கைக்கும் பாதுகாப்பு இல்லை. நியூயார்க் சட்டமன்றத்தில் இதே நோக்கில் 2023இலும் 2024இலும் வந்த மசோதாக்கள் நிறைவேறவில்லை.

வெளிநாட்டுக் கடன் பத்திரங்களில் பெரும்பகுதி நியூயார்க், இங்கிலாந்துச் சட்டங்களின் கீழ்தான் எழுதப்படுகிறது. ஆகவே அந்த இரண்டு இடங்களின் ஆயர்களும் பங்கு மக்களும் பிரிட்டிஷ் சட்டத்தைப் புதிய கடன்களுக்கும் நீட்டிக்கவும், நியூயார்க்கில் அத்தகைய மசோதாவை நிறைவேற்றவும் தங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இதைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி