நெட் பாவாடை எப்படி நிற்கிறது

பாரிஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. பட்டறையில் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்து, நைலான் நெட் எல்லாம் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

நடனப் பள்ளிக்காரர்கள் பாலே என்ற மேல்நாட்டு நடனத்துக்கு உடை ஒன்று தைத்துக் கேட்கிறார்கள், படத்தைப் பார்த்தால் பாவாடை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றே விளங்கவில்லை என்று எழுதியிருந்தாய். விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பாவாடையை டூட்டூ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது மூன்று விதம். எந்த விதம் வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேள்.

முதலாவது நீளமானது. 1832-இல் இந்த ஊர் ஒபேரா அரங்கில் ‘லா சில்ஃபீத்’ என்ற நடனத்தில் மரி தாக்லியோனி அணிந்தது. கெண்டைக்கால் வரை தொங்கும் வெள்ளை மஸ்லின், மணி போன்ற வடிவம். அவள் விரல் நுனியில் நின்று ஆடினாள். அந்தப் பாதம் தெரிய வேண்டும், உடம்பு புகை மாதிரி மிதக்க வேண்டும். 1841-இல் வந்த ‘ஜிசெல்’ நடனத்துக்கும் இதே நீளம்தான், இன்றுவரை. இதற்கு நான்கிலிருந்து ஆறு அடுக்கு மென்மையான நெட் போதும். இடுப்பிலிருந்து தொங்குவதால் தைக்கவும் எளிது. பிள்ளைகள் விழா என்றால் இதையே தைக்கச் சொல்வேன்.

அந்த மஸ்லினுக்கு ஒரு கொடிய பக்கமும் இருந்தது. அப்போது மேடைக்கு எரிவாயு விளக்கு. பல அடுக்கு மெல்லிய பருத்தித் துணி, நடுவில் காற்று. பற்றினால் நொடியில் எரியும். படிகாரமும் வெண்காரமும் கலந்த நீரில் துணியை முக்கித் தீப்பிடிக்காமல் செய்யும் முறையை 1859-இல் இங்கே கட்டாயமாக்கினார்கள். ஆனால் அப்படித் தோய்த்த துணி விறைத்து அழுக்கு நிறமாகிவிடும், மிதக்காது. எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரி அதை மறுத்து, பொறுப்பு என்னுடையது என்று எழுதியே கொடுத்தாள். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது, உட்காருமுன் பாவாடை கசங்காமலிருக்க உயர்த்தி உதறினாள். விளக்கின் தீ தாவிவிட்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தாள், வயது 20. எரிந்ததில் மிஞ்சிய துணித்துண்டுகளை ஒபேராவின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். துணி வேலை செய்கிற யாரும் அதைப் பார்க்க வேண்டும். நைலான் நெட்டும் எரியும், உருகித் தோலில் ஒட்டும். குத்துவிளக்கு ஏற்றும் விழா மேடையென்றால் பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்தச் சொல்.

பிறகு பாவாடை மேலேறத் தொடங்கியது. இங்கே ஓர்சே அருங்காட்சியகத்தில் தெகா என்ற ஓவியர் செய்த நடனச் சிறுமியின் சிலை இருக்கிறது. உடம்பு வெண்கலம், பாவாடையும் தலைமுடி நாடாவும் உண்மையான துணி. அவர் அதை முதலில் மெழுகில் செய்து 1881-இல் காட்டினார். அவருடைய ஓவியங்களிலும் பாவாடை முழங்காலை ஒட்டித்தான் நிற்கிறது. அதற்கு மேலே ஏற்றியவர்கள் இத்தாலியப் பெண்கள். 1885-இல் ரஷ்யாவுக்குப் போன வெர்ஜினியா சூக்கி, அங்கே வழக்கமான நீளத்தை ஏற்காமல் குட்டையாகவே அணிந்து ஆடினாள். 1893-இல் பியரினா லென்யானி ஒற்றைக்காலில் நின்று 32 சுற்று சுழன்றாள். அப்படிச் சுழலும்போது நீளப் பாவாடை காலைச் சுற்றிக்கொள்ளும், முழங்கால் செய்யும் வேலையும் மறைந்துவிடும். வித்தை கூடக்கூடத் துணி குறைந்தது என்பதே உண்மை. ஒழுக்கம் கெட்டதால் குட்டையானது என்று இங்கேயும் சிலர் சொல்கிறார்கள், அது தவறு.

ஆனால் அந்தக் காலத்தில் கஞ்சி போட்ட பருத்திதான். வியர்வையும் ஈரமும் பட்டால் சரிந்துவிடும். நைலான் நெட் வந்தபிறகுதான் இடுப்பிலிருந்து நேராக, தட்டையாக நிற்கும் இரண்டாவது விதம் நிலைபெற்றது. நீ படத்தில் பார்த்தது அதுதான்.

இனி வேலைக்கு வருகிறேன். அந்தப் பாவாடை இடுப்பில் தைக்கப்படுவதே இல்லை. ஜட்டியின் மேல் தைக்கப்படுகிறது. இடுப்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இறுக்கமாக ஒரு பட்டி, அதன் கீழ் ஜட்டி. அந்த ஜட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் சொச்ச இடைவெளியில் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு அடுக்கு நெட். பெரியவர்களுக்குப் பத்து அடுக்கென்றால் தொடையோரத்தில் 4 செ.மீ.யில் தொடங்கி 7, 11, 15 என்று ஏற்றி, மேலடுக்கை 38 செ.மீ.க்குக் கொண்டுவரலாம். கீழே உள்ள குட்டை அடுக்கு தன் மேலே இருப்பதை முட்டுக்கொடுத்துத் தூக்கும். பரதநாட்டிய விசிறிக்கு நீ மடிப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்து அடக்குவாய். இங்கே சுருக்கைத் திமிறவிட வேண்டும், அந்தத் திமிரில்தான் பாவாடை நிற்கிறது.

அதனால் நெட்டில் கஞ்சத்தனம் கூடாது. 1.4 மீட்டர் அகல நெட்டில் மேலடுக்குகளுக்கு நான்கு அகலம், அதாவது 5.6 மீட்டர் நீளத்தை ஒரு சுற்றில் சுருக்க வேண்டும். எல்லாம் சேர்த்துச் சுமார் 10 மீட்டர் பிடிக்கும். லெஹங்காவுக்குள் வைக்கிற கேன்கேன் நெட்டை நடு அடுக்குகளுக்கு மட்டும் போடு. தொடையோர அடுக்குகளுக்கு மென்மையானது, இல்லையென்றால் தோலைக் கீறும். மேலடுக்குக்கு மெல்லிய நெட். கீழிருந்து மேலாகத் தைத்து வா. ஓரத்தை நேராக வெட்டினால் கத்தி மாதிரி தெரியும். சிறு சிறு முக்கோணமாக வெட்டிவிட்டால் கண்ணுக்கு மென்மையாக இருக்கும்.

கடைசியாக, அடுக்குகளை ஒன்றோடொன்று நூலால் கோக்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் இரண்டு மூன்று செ.மீ. நூலைத் தளரவிடு. இறுக்கினால் மேலே குழி விழும். கோக்காமலே விட்டால் அடுக்குகள் தனித்தனியாகப் பறக்கும். இரும்புக் கம்பி வளையம் போடுவதானால் நடு அடுக்கொன்றில், நாடாவுக்குள் செருகித் தை. ஓரத்துக்கு அருகில் வைத்தால் வெளியே தெரியும். கம்பி போட்ட பாவாடையில் ஆண் துணை ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் அப்படியே தூக்கும்.

அதைச் சகிக்காமல்தான் மூன்றாவது விதம் பிறந்தது. பாலன்சின் என்ற நடன ஆசிரியர் 1947-இல் இங்கே அமைத்த ஒரு நடனத்தைப் பிறகு நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். மேடை நிறையப் பெண்கள். ஒருத்தியின் வளையம் இன்னொருத்தியுடையதில் இடித்து வரிசை முழுக்க ஆட்டம் காணும். அதற்காக 1950-இல் கரின்ஸ்கா என்ற அம்மையார் கம்பியே இல்லாமல், ஆறேழு அடுக்கில், பஞ்சு போலத் தாழ்ந்து விழும் குட்டைப் பாவாடை தைத்தார். மேல்சட்டையின் விலாப் பகுதியை நீ பிளவுஸுக்கு வெட்டுவாயே, அதே கிராஸ் கட்டில் வைத்தார். மூச்சிழுக்கும்போது விலா விரிய இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த ஏறக்குறைய இருநூறு வருடக் கதையில் அவர்தான் பெரிய தையல்காரர். இப்போது சிலர் அடுக்கே இல்லாத வெறும் தட்டாகவும் செய்கிறார்கள். 1996-இல் ஃபோர்சைத் அமைத்த ஒரு நடனத்தில் எலுமிச்சைப் பச்சை நிறத்தில் அப்படித்தான். பார்க்கக் கூர்மையாக இருக்கிறது, ஆனால் எனக்கு நெட்டின் மூச்சு வேண்டும்.

மேல்சட்டைக்கு ஜிப் வேண்டாம், மேடையில் சிக்கினால் கதை முடிந்தது. முதுகில் கொக்கியும் காதும் மாற்றி மாற்றி வை. ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று இருந்தால் ஆடும்போது தானாகக் கழலாது. காது வரிசை இரண்டு வைத்தால் அடுத்த வருடம் வேறு பிள்ளைக்கும் ஆகும். துவைக்காதே. பருத்தி லைனிங்கை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் காயவை. இங்கே வோட்காவைத் தெளித்து வாடை போக்குகிறார்கள். மாட்டும்போது தலைகீழாக மாட்டு, நேராக மாட்டினால் ஒரு வாரத்தில் தொங்கிவிடும்.

அளவு எடுக்கும்போது மார்பு, இடுப்பு, இடுப்பெலும்புச் சுற்று மூன்றோடு நிறுத்தாதே. முன்னிடுப்பிலிருந்து கால் நடுவே போய்ப் பின்னிடுப்பு வரை ஒரு அளவு கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் பிள்ளை குனியும்போதெல்லாம் பாவாடை பின்னால் எழும்பி முன்னால் சாயும். நான்கு அளவையும் எழுதியனுப்பு. இங்கே மோன்மார்த் குன்றின் அடிவாரத் துணிக்கடைகளில் மேலடுக்குக்கு ஏற்ற நெட் கிடைக்கிறது, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். கேன்கேன் அங்கேயே வாங்கிக்கொள்.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் அன்புத் தங்கை