நாலு கிலோ கடன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் வயலுக்குப் போகாதீர்கள் என்றால் மட்டும் வலி வந்துவிடுகிறது. போனில் பேசும்போதெல்லாம் நீ ஒரு காலைச் செருப்பில் விட்டுக்கொண்டே பேசுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். ரயிலில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன வாரம் நீ சொன்ன மிக்ஸி கதையை நான் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன். உங்கள் பேட்டை நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, உடைந்த சாமான்களைச் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்கிறார்கள் என்றாய். ஓய்வுபெற்ற ஒரு தாத்தா உன் மிக்ஸியைப் பிரித்து, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது என்று காட்டி, உன் கையாலேயே மாற்ற வைத்தார் என்றாய். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெண்மணி ஆரம்பித்து வைத்தது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது என்றும் சொன்னாய். கடைசியில், "நம்ம ஊரில் இப்படி ஏதாவது நடக்குமாம்மா?" என்று ஒரு கேள்வி வேறு.

பஸ் ஸ்டாண்டு எதிரே மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு அது பிழைப்பு, யாரும் விழா எடுக்கவில்லை. ஆனால் விழா என்றே ஒன்று இங்கேயும் நடந்தது. வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெரு கல்யாண மண்டபத்தில் விதைத் திருவிழா. நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கடன் அடைக்கப் போனேன்.

போன வருஷம் இதே விழாவில் 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி வந்தேன். காசு கிடையாது. இந்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இது நம்ம பக்கத்துக் கணக்குதான். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இப்படித்தான் கொடுத்தார்கள். 2003இல் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடந்தபோது கூடப் போனவர் அவர். வழியில் விவசாயிகள் கொடுத்த பழைய நெல்லில் ஆரம்பித்து, 174 ரகம் வரைக்கும் சேர்த்துவிட்டார். கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. மூன்று வாரம் கூட ஆகவில்லை, டிசம்பர் 6ஆம் தேதி அவர் போய்விட்டார். நம் கொல்லையில் தென்னை விழுந்து கிடந்ததும், கரண்டு இல்லாத இருட்டில் அப்பா பேட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

எதற்கு இரண்டு கொடுத்து நாலு வாங்க வேண்டும் என்று நானும் யோசித்திருக்கிறேன். நெல் விதை பீரோவில் வைத்துப் பூட்டுகிற நகை இல்லை பாப்பா. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம், அதற்கு மேல் முளைப்பு குறைந்துவிடும். பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற இடத்தில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1,30,000க்கு மேல் நெல் வகைகளைக் குளிர் அறையில் வைத்திருக்கிறார்கள். நமக்குக் குளிர் அறை ஏது? வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் சேற்றில் இறங்கி விதைத்தால்தான் உண்டு. இரண்டு நாலாகத் திரும்பினால், அடுத்த வருஷம் இரண்டு பேர் இறங்கலாம்.

அப்பாவுக்கு இதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. "ஒரு ஏக்கர் சி.ஆர். ரக நெல் போட்டால் முப்பத்தைந்து மூட்டை காணும், இது பாதி காணுமா?" என்றார். பாதிதான் கண்டது. கிணற்றடி மூன்று மாவில், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரில், பதினெட்டு மூட்டைதான். வியாபாரி எட்டியே பார்க்கவில்லை. அவித்துக் காயவைத்து, அரைத்து, சிவப்பரிசியாகத் தெரிந்தவர்களுக்குக் கிலோ கிலோவாக விற்றோம். அப்பா சொன்னது சரி என்று அவரிடம் நான் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஆனால் உரமும் மருந்தும் வாங்கவில்லை. 2 கிலோ விதையை ஒற்றை நாற்றாக நட்டதில் மூன்று மாவுக்கும் போதுமாக இருந்தது. வழக்கமாக நடுவதென்றால் ஏக்கருக்கு முப்பது கிலோ வேண்டும். கார்த்திகை மழையில் பக்கத்து வயல் முழுக்க முங்கிக் கிடக்க, நம்முடையது தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. என் நெஞ்சுக்கு மேல் உயரம். அதைப் பார்க்க அப்பா தினமும் போனார், கேட்டால் மோட்டார் போடப் போனேன் என்பார்.

தை மாதம் அறுப்பு மிஷின் வந்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன். அது முதல் நாள் வேறொரு வயலில் சி.ஆர். அறுத்துவிட்டு நேரே நம் வயலில் இறங்கியிருக்கிறது. உள்ளே தங்கியிருந்த நெல்லைத் தட்டிச் சுத்தம் செய்தார்களா என்று நான் கேட்கவில்லை. ராத்திரி களத்தில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்து, ஒவ்வொரு நெல்லாக நகத்தால் உமியைக் கீறிப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, வெள்ளை. மறுபடி சிவப்பு, அப்புறம் வெள்ளை. இருபது நெல்லில் மூன்று வெள்ளை. சாப்பிடுவதற்கு ஒன்றும் கேடில்லை. விதைக்கு ஆகாது. நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே தான் சூல் கொள்வது, பக்கத்து வயல் மகரந்தத்தால் அவ்வளவாகக் கெடாது. கெடுப்பதெல்லாம் களமும் சாக்கும் மிஷினும்தான். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூவின் படம் போட்டுக் காட்டியவள், இதைக் களத்தில் கோட்டை விட்டேன்.

அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 4 கிலோவைக் கடையிலா வாங்கிக் கொடுக்க முடியும்? விடிந்ததும் வயலுக்குப் போனேன். மோட்டார் கொட்டகை ஓரம் காற்றுக்குச் சாய்ந்து கிடந்த ஒரு திட்டையும், நாலு மூலையையும் மிஷின் தொடவில்லை. அதற்குத் திரும்ப இடம் போதவில்லை. உன் சின்னத்தையைக் கூட்டிக்கொண்டு அரிவாளோடு இறங்கினேன். அறுக்கிற போதே உயரம் குறைந்தது, கதிர் வேறு மாதிரி இருந்தது எல்லாவற்றையும் கலவன் என்று தனியே போட்டோம். வீட்டு வாசலில் பாயை விரித்து, பழைய அம்மிக்கல்லில் பிடிபிடியாக அடித்து, முறத்தில் தூற்றினோம். இரண்டு வெயில் காயவைத்து, ஒரு நெல்லைப் பல்லில் கடித்தால் 'கடக்' என்று சத்தம் வரவேண்டும். வந்தது. மண்பானையில் போட்டு, காய்ந்த நொச்சி இலையைப் பரப்பி, வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றினேன். நிறுத்தபோது ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

விழா எப்படி இருந்தது என்று கேட்பாய். வாசலில் பெரிய பிளெக்ஸ் பேனர், அதில் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று எழுதியிருந்தது. உள்ளே டீயைப் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய கப் 2019இலிருந்தே தடை என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் மேடைக்குப் போய் மைக்கில் கேட்டுவிட்டாள். மண்டபம் கொஞ்ச நேரம் கப்சிப். பிறகு மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. நான் என் டம்ளரைப் பையிலேயே கொண்டு போயிருந்தேன், பெருமையாக இருந்தது.

ஒரு கடையில் கருப்புக் கவுனி அரிசி சாப்பிட்டால் சர்க்கரை வியாதியே ஓடிப்போகும் என்று விற்றார்கள். நான் மாத்திரையை நிறுத்துவதாக இல்லை. கஞ்சி வைத்தால் நன்றாயிருக்கும், அதற்காக அரைக் கிலோ வாங்கினேன். மதியத்துக்குக் கம்பங்கூழும் மோர் மிளகாயும். சிறப்புரை ஒன்றேகால் மணி நேரம் நடந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விதை வாங்கும் மேசையில் நம் ஊரைவிடத் தெற்கே, உப்புத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சட்டை கிடையாது, மேலே துண்டு. என் பானையைத் திறந்து, கையை அடிவரை விட்டு நெல்லை அள்ளினார். மேலாக எடுக்கவில்லை பார். உள்ளங்கையில் பரப்பி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். எனக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு நெல்லை எடுத்து நகத்தால் கீறினார், சிவப்பு. இன்னொன்று, சிவப்பு. "கையறுப்பா?" என்றார். ஆமாம் என்றேன். மிஷின் கதையையும் சொன்னேன், மறைக்கத் தோன்றவில்லை. "அடுத்த தடவை மிஷின் இறங்குவதற்கு முந்தின நாளே விதைக்கு அறுத்து எடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டு நோட்டில் என் பெயருக்கு நேரே 'வரவு 4' என்று எழுதினார். மிச்சம் இருந்த முக்கால் கிலோவையும் கொடுத்துவிட்டேன். அதை அவர் எழுதவில்லை. தன் துண்டிலேயே முடிந்துகொண்டார்.

வரும்போது 2 கிலோ பூங்கார் நெல் விதை வாங்கி வந்திருக்கிறேன். மூன்று மாதத்துக்குள் அறுப்புக்கு வந்துவிடும், குறுவைக்குத் தோது. அப்பா பையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் கிணற்றடி வரப்பை வெட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாளோ, அதற்குள் நாற்றங்கால் ஆகவேண்டும் என்று என்னையே விரட்டுகிறார்.

மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளைச் சம்பா அவல் இடித்து வைத்திருக்கிறேன். உன் தோழியின் அம்மா அடுத்த மாதம் வருகிறார்களாம், அவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். ராத்திரியே ஊறவை, இல்லாவிட்டால் பல் போய்விடும்.

இன்னொன்று. விதைப்பானையை இறக்கப் பரணில் ஏறியபோது உன் தாத்தாவின் வால்வு ரேடியோ கண்ணில் பட்டது. மேலே ஒரே ஒட்டடை, ஆனால் உடையவில்லை. பஸ் ஸ்டாண்டுக்காரர் வால்வு கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். உன் சனிக்கிழமைத் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். பின்பக்க மூடியைக் கழற்றி, வால்வு மேல் இருக்கிற நம்பர் தெரிகிற மாதிரி அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார்.

அன்புடன்,
அம்மா