மரநகையின் சீட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைவினை நகைகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள், படங்களும் நன்றாகவே வருகின்றன. ஆனால் மரத்தைச் செதுக்கி அதில் கம்பி பதித்த நகை என்று வரும்போது, என்ன மரம், என்ன உலோகம், அது நிஜமாகவே பதித்த கம்பிதானா என்ற மூன்றையும் வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. 'கைவேலை' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும் என்றாகிவிட்டது. நானும் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். இந்த மூன்றையும் நகையோடு வரும் சீட்டில் எழுதித்தான் விற்க வேண்டும்.

முதலில் கம்பி. இப்போது லேசரால் மரத்தில் கோடு போட்டு, உலோகப் பொடி கலந்த எபாக்ஸிப் பசையை ஊற்றித் தேய்த்துவிட்டால் படத்தில் பித்தளைக் கம்பி மாதிரியே தெரியும். அப்படிச் செய்வது குற்றம் இல்லை, அதிலும் அழகான வேலைகள் உண்டு. ஆனால் அதைக் கம்பிப் பதிப்பு என்று சொல்லி விற்கக் கூடாது, ஏனென்றால் கம்பி பதிப்பது முற்றிலும் வேறு வேலை. கம்பியைவிட ஒரு மயிரிழை குறுகலாகக் காடி, அதாவது மரத்தில் பள்ளக்கோடு, வெட்ட வேண்டும். அகலமாகிவிட்டால் பிடிமானம் போய்விடும், அப்புறம் பசைதான் கம்பியைத் தாங்க வேண்டியிருக்கும். சரியாக வெட்டிய காடியில் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கும்போது மரநார்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, பிறகு கம்பியை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். உருண்டைக் கம்பியாக இருந்தால் அதன் பாதிக்கு மேல் மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். கம்பியின் அகலமான இடம் மட்டத்துக்கு மேலே நின்றுவிட்டால், அரம் போட்டுச் சமன் செய்யும்போது அந்த அகலமான பகுதியே போய்விடும், மிச்சம் இருப்பது ஒருநாள் சட்டைநூலில் மாட்டிப் பெயர்ந்து வரும். உத்தரப் பிரதேசத்து மைன்புரியில் தார்கசி என்ற வேலை இருக்கிறது, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பித்தளைத் தகட்டை மெல்லிய நாடாவாக நறுக்கி, அதன் விளிம்பு மேலே தெரியும்படி செங்குத்தாகச் சீஷம் என்ற கெட்டி மரத்தில் அடித்து இறக்குகிறார்கள். மேலே தெரிவது ஒரு மெல்லிய கோடுதான், உள்ளே ஆழமாக இறங்கியிருப்பதால் அது அசையாது.

வளைவுகளில்தான் கையின் தரம் தெரியும். செம்பு, பித்தளை, வெள்ளி மூன்றுமே வளைக்க வளைக்க விறைத்துக்கொண்டு போகும். மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் திரும்ப இளகும். இதைச் செய்யாமல் விறைத்த கம்பியைச் சின்னச் சுருளுக்குள் திணித்தால் அது நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும், மூலைகளில் எழும்பும். தோட்டுக்கோ டாலருக்கோ வெள்ளி வளையம் பற்றவைக்க வேண்டுமானால் அதையும் மரத்தில் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வெள்ளிப் பற்றவைப்புக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், மரமோ 300 டிகிரிக்குள்ளேயே கருகத் தொடங்கிவிடும். எது முன்னால், எது பின்னால் என்ற இந்த வரிசை மனதில் இல்லாமல் யாராலும் ஒரு ஜோடித் தோடு முடிக்க முடியாது. இவ்வளவும் ஒருவர் கையால் செய்திருந்தால் 'பதித்த கம்பி' என்று சீட்டில் எழுதும் உரிமை அவருக்கு உண்டு, பொடியும் பசையும் ஊற்றியவருக்கு இல்லை.

அடுத்து உலோகம். 'ஜெர்மன் சில்வர்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. அதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்ததுதான் அது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காதுமடல் சிவந்து அரிக்கும், சிலருக்கு நீர் கோத்துப் புண்ணாகும், ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுக்க இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காது குத்தும் ஆணியிலிருந்து நிக்கல் வெளியேறும் அளவு வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அதனால் வெள்ளி என்று சொன்னால் 925-ஆ, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியா என்று எழுதுங்கள், ஜெர்மன் சில்வர் என்றால் நிக்கல் இருக்கிறது என்று எழுதுங்கள். செம்பு வியர்வை பட்டால் தோலில் பச்சையாகக் கறை விடும், அது கழுவினால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாங்கியவர் போலி நகை என்று நினைத்துத் தூக்கிப் போட மாட்டார்.

மரத்தில் நடப்பதுதான் எனக்கு அதிக வருத்தம். ஏதோ ஒரு வெளிறிய மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கருங்காலி என்கிறார்கள். ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியால் மறைவான ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள், பல சாயங்கள் துணியில் ஏறிவிடும். ஈட்டி, சீஷம் எல்லாம் சேர்ந்த டால்பெர்ஜியா மர இனம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நாடு விட்டு நாடு போகும் சரக்கில் என்ன மரம் என்பது சட்டப்படியே கேட்கப்படும் கேள்வி. என்ன மரம் என்பதை நகை செய்கிறவரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மரத்தூள் நுரையீரலுக்குள் போகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈட்டித் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தருவது. முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடும் வீடியோக்களைப் பார்க்கும்போது பதறுகிறது.

மரத்தின் ஈரமும் சீட்டில் வர வேண்டிய விஷயம்தான். மரம் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்ட அசையாது, குறுக்குவாக்கில் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். கம்பி இதற்கெல்லாம் அசையாது. அதனால் சரியாகக் காயாத மரத்தில் குறுக்காகப் பதித்த நீளக் கம்பி, மரம் சுருங்கியதும் முனையில் துருத்திக்கொண்டு வரும், கழுத்தில் கீறும். பதப்பட்ட மரமா என்று ஒரு வார்த்தை, குளிக்கும்போது கழற்றி வையுங்கள் என்று இன்னொரு வார்த்தை எழுத எவ்வளவு இடம் ஆகிவிடும்?

இப்படியெல்லாம் எழுதினால் வாங்குகிறவர்கள் பயந்து போய்விடுவார்கள் என்று என்னோடு தொழில் செய்கிறவர்களே சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மையாகக் காடி வெட்டிக் கம்பி அடித்தவர் இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, மறைப்பதால் லாபம் அடைவது ஊற்றி ஒட்டுகிறவர் மட்டும்தான், ஏனென்றால் படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து குறைந்த விலைக்காரர் பக்கம் கூட்டம் போய்விடுகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை இப்படி ஒரு நகையின் படம் போடும்போது, செய்தவரிடம் மரம், உலோகம், பதித்த விதம் மூன்றையும் கேட்டுப் படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள், பதில் சொல்லாதவரின் படத்தைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
மரத்தில் கம்பி பதிக்கும் ஒரு வாசகர்